மாத்திரைக்கு அசையாத செல்கள்

லேபில் என்னதான் செய்கிறாய் என்று அம்மா ஃபோனில் கேட்டார். சரி, இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோயில் 9, 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. 1973இல் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி இதைக் கண்டறிந்தார். அந்த ஒட்டில் பிறந்து புற்றுநோயைத் தூண்டும் புரதத்தை அடக்கும் இமாட்டினிப் மாத்திரைக்கு 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

ஆனால் எலும்பு மஜ்ஜையில் நோயுற்ற சில ஸ்டெம் செல்கள், அதாவது மற்ற செல்களை உருவாக்கும் மூலச் செல்கள், மருந்துக்கு அசையாமல் உறங்கிக் கிடக்கின்றன. நோய் நன்றாக அடங்கியவர்களிலும், மாத்திரையை நிறுத்தினால் ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் திரும்பிவிடுகிறது. அந்த ஸ்டெம் செல்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதுதான் என் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வு) கேள்வி.

நேற்று ராத்திரி பிரித்தெடுத்த செல்கள் காலையில் உயிரோடு இருந்தன. அம்மாவுக்குத்தான் முதலில் ஃபோன் போட்டேன்.