டெலீட் பண்ணியாச்சா?

ஜிடிபிஆர் என்ற ஐரோப்பாவின் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்தது. சென்னையில் இருந்த எங்கள் டீமுக்கு அது புதுவகை டிக்கெட்டாக, அதாவது முடித்து மூட வேண்டிய வேலைக் கோரிக்கையாக, வந்து சேர்ந்தது. கிளையன்ட், ஓர் ஐரோப்பிய ஆன்லைன் கடை. தன் விவரங்களை அழிக்கச் சொல்லி வாடிக்கையாளர் எழுதினால், பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும்.

மெயின் டேட்டாபேஸில் அழித்துவிட்டு, "அண்ணா, டெலீட் பண்ணியாச்சு, டிக்கெட்டை மூடிடலாமா?" என்று கேட்பார்கள் புதிதாகச் சேர்ந்தவர்கள். மூட முடியாது. அதே மனிதர் விளம்பர மெயில் பட்டியலில் இருப்பார், சர்வர் தானாகப் பதிந்துவைக்கும் லாகில் இருப்பார், யாரோ ரிப்போர்ட்டுக்காக இறக்கிவைத்த எக்செல்லில் இருப்பார். பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு ஆளை மட்டும் உருவி எடுப்பது பெரும்பாடு. அதனால் அழித்தவர்களின் அடையாள எண்களைத் தனியாக ஒரு பட்டியலில் வைத்துக்கொண்டோம். பேக்கப்பை மீட்க நேர்ந்தால் அவர்களை மறுபடி அழிக்க வேண்டுமே! மறக்கச் சொன்னவரின் எண்ணை நாங்கள் பத்திரமாக வைத்திருந்தோம். வேறு வழி தெரியவில்லை.

டெஸ்டிங் பக்கம் இன்னொரு தலைவலி. நிஜ டேட்டா இல்லாமல் டெஸ்ட் செய்ய முடியாது என்பார்கள். பெயரையும் மெயிலையும் மறைத்துவிட்டு, பின்கோடையும் பிறந்த தேதியையும் அப்படியே விட்டுவிடுவது பல இடங்களில் நடப்பதுதான். பின்கோடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றும் இருந்தால் அமெரிக்கர்களில் சுமார் 87 சதவீதம் பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று அமெரிக்கக் கணினி ஆய்வாளர் லடான்யா ஸ்வீனி 2000-லேயே கணக்கிட்டுச் சொல்லிவிட்டார்.

இவ்வளவும் டேபிள், ஃபைல் என்று தேடிப் பிடிக்கக்கூடிய இடங்கள். ஏஐ வந்த பிறகுதான் உண்மையில் மாட்டிக்கொண்டோம். வாடிக்கையாளர்களின் பழைய சாட்களைக் கொண்டு ஒரு மாடலைப் பயிற்றுவித்த பிறகு, அதில் ஒருவருடைய பங்கு எங்கே இருக்கிறது என்று காட்ட முடியாது. அதற்காக அது உள்ளே இல்லை என்றும் ஆகிவிடாது. ஜிபிடி-2 என்ற ஏஐ மொழி மாடல் தன் பயிற்சி டேட்டாவில் பார்த்திருந்த ஒருவருடைய பெயர், முகவரி, போன் நம்பரை அந்த மாடலிடமிருந்தே ஆராய்ச்சியாளர்கள் வரவழைத்துக் காட்டியது 2020-இல். எவரால்பம் என்ற போட்டோ ஆப் நிறுவனத்திடம், பயனர்களின் படங்களை வைத்து உருவாக்கிய முகம் அறியும் மாடல்களையே அழிக்கச் சொன்னது அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி. அது 2021. மாடலையே தூக்கிப் போடு என்பதுதான் நேர்மையான டெலீட் என்று எனக்குப் படுகிறது. எந்த மேனேஜர் ஒப்புவார், அது வேறு விஷயம்.

இந்தியாவின் தனிநபர் டேட்டா சட்டம் 2023-இல் நிறைவேறி, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. ஒப்புதலைத் திரும்பப் பெற்றால், வேறு சட்டத்துக்காக வைத்திருக்க வேண்டியது போக மற்றதை அழிக்க வேண்டும். மீறல்களுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பயிற்றுவித்த மாடலை என்ன செய்வது என்று சட்டத்தில் தனியாக ஒரு வார்த்தை இல்லை. ஆகவே பயிற்சிக்கு முன்பே வடிகட்டுவதுதான் வழி என்று டீமில் வாதாடுகிறேன்.

அதுவும் லேசுப்பட்டதல்ல. அண்மையில் ஓர் இந்திய கிளையன்ட்டுக்காக சாட் பாட் செய்தோம். போன் நம்பரை ஃபில்டர் பிடித்துவிட்டது. "பிள்ளையார் கோவில் பக்கத்துல பச்சை கேட் வீடு, மாடில டீச்சர்னு கேளுங்க" என்பதை எந்த ஃபில்டர் முகவரி என்று கண்டுகொள்ளும்? ஊரில் யாரைக் கேட்டாலும் ஆளைக் காட்டிவிடுவார்கள். கடைசியில் டெலிவரி குறிப்புகள் இருந்த பகுதியை முழுசாகவே பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டோம். பாட் மக்காகிவிடும் என்று மேனேஜர் முணுமுணுத்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. டெலிவரி பற்றிக் கேட்டால் அது இன்றும் திணறத்தான் செய்கிறது.