மேரி கியூரி ஃபெலோஷிப்: விண்ணப்பிக்கும் முன் தெளிவாக வேண்டியவை

பிஎச்.டி. முடித்து ஐரோப்பாவில் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) தேடுகிறவர்கள் மேரி கியூரி ஃபெலோஷிப் பற்றி என்னிடம் முதலில் கேட்பது, "எத்தனை பேப்பர் இருந்தால் கிடைக்கும்?" என்பதுதான். பேப்பர் வேண்டும்தான். ஆனால் உங்கள் ஆய்வை ஏன் அந்த நாட்டுக்கு, அந்த ஆய்வகத்துக்குப் போய்த்தான் செய்ய வேண்டும் என்பதற்கு உங்களிடம் பதில் இருக்கிறதா? ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பணத்தை ஒதுக்குவதே ஆய்வாளர்கள் நாடு விட்டு நாடு போய் வேலை செய்யட்டும் என்பதற்காக. விண்ணப்பத்தில் எல்லாமே அதைச் சுற்றித்தான்.

விதியிலேயே அது தெரியும். விண்ணப்பிக்கும் கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் நீங்கள் போகவிருக்கும் நாட்டில் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. ஜெர்மனியில் பிஎச்.டி. முடித்த கையோடு இன்னொரு ஜெர்மன் ஆய்வகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, நெதர்லாந்துக்கு முடியும். இந்தியாவிலிருந்து நேரே போகிறவர்களுக்கு இது தடையே இல்லை. ஐரோப்பாவுக்குள் வரும் ஃபெலோஷிப்புக்கு எந்த நாட்டுக் குடிமகனும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவுக்கு வெளியே போய் ஆய்வு செய்துவிட்டுத் திரும்பும் குளோபல் ஃபெலோஷிப் மட்டும் ஐரோப்பியக் குடிமக்களுக்கும் அங்கே நீண்டகாலமாக வசிப்பவர்களுக்கும் உரியது.

தனியாக விண்ணப்பிக்க முடியாது. உங்களை வேலைக்கு எடுக்கும் நிறுவனத்தோடு சேர்ந்துதான் போட வேண்டும். கடைசித் தேதி வழக்கமாக செப்டம்பரில் வரும். ஆண்டுத் தொடக்கத்திலேயே மேற்பார்வையாளரைத் தேட ஆரம்பித்துவிடுங்கள். பல பல்கலைக்கழகங்கள் ஆர்வமுள்ளவர்களை அழைத்து ஐரோப்பிய ஆய்வு வேலைகளுக்கான யூராக்சஸ் தளத்தில் அறிவிப்பு போடும்.

என் துறை சதுப்புநில மண்ணிலிருந்து வெளியேறும் மீத்தேன். முதல் வீடியோ அழைப்பில் பேராசிரியர் கேட்டது இது: "நீங்கள் இங்கே என்ன கற்பீர்கள் என்பது புரிகிறது. எங்களுக்கு என்ன கொண்டுவருவீர்கள்?" அவர்களிடம் ஐசோடோப்பு அளக்கும் கருவி இருந்தது. எனக்குப் பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் ஓத நேரம் பார்த்து, சேற்றில் இறங்கி மாதிரி எடுத்த பழக்கம் இருந்தது. இரண்டையுமே விண்ணப்பத்தில் எழுதினோம்: எந்த மாதம் எனக்குக் கருவிப் பயிற்சி, எந்த மாதம் அவர்களுடைய மாணவர்களுக்கு நான் களப் பயிற்சி தருவேன் என்று. எந்த வேலை எந்த மாதம் என்று காட்டும் கான்ட் சார்ட்டிலும் இரண்டுக்கும் தனித்தனி வரிசை. "புதிய நுட்பங்களைக் கற்றுக்கொள்வேன்" என்று பொதுவாக எழுதுகிற வரி எதையும் சொல்வதில்லை. அறிவு இருபக்கமும் போகிறதா என்று மதிப்பீட்டாளர்கள் தேடிப் பார்க்கிறார்கள்.

முக்கியப் பகுதிக்குப் பத்துப் பக்கம்தான். மதிப்பெண்ணில் ஆய்வின் தரத்துக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தும் திட்டத்துக்கு 20. பலர் முதல் பகுதியிலேயே பக்கங்களைத் தீர்த்துவிட்டு, தாக்கத்தைக் கடைசி இரவில் எழுதுகிறார்கள். இவ்வளவு கடும் போட்டியில் அது கட்டுப்படியாகாது. 2024-இல் விண்ணப்பித்த 10,360 பேரில் 1,696 பேருக்குக் கிடைத்தது. 2025-இல் விண்ணப்பங்கள் 17,000-ஐத் தாண்டின.

துறைவாரியான மதிப்பீட்டுக் குழுக்களில் எதற்கு அனுப்புவது என்பதையும் மேற்பார்வையாளரோடு பேசி முடிவு செய்யுங்கள். என் ஆய்வு சுற்றுச்சூழலுக்கும் போகலாம், உயிர் அறிவியலுக்கும் போகலாம். நுண்ணுயிரியைவிட வாயு அளவீடுதான் அதன் மையம் என்பதால் சுற்றுச்சூழலைத் தேர்ந்தெடுத்தோம்.

போர்ச்சுகல், போலந்து, செக் குடியரசு போன்ற நாடுகளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு நன்மை உண்டு. முதன்மைப் பட்டியலில் இடம் கிடைக்காவிட்டாலும், இந்த நாடுகளுக்கென்றே உள்ள ஈ.ஆர்.ஏ. ஃபெலோஷிப்புக்கு அதே விண்ணப்பம் பரிசீலிக்கப்பட வாய்ப்பிருக்கிறது. 85 சதவீத மதிப்பெண்ணோ அதற்கு மேலோ எடுத்தும் நிதி கிடைக்காதவர்களுக்கு 'சீல் ஆஃப் எக்ஸலன்ஸ்' என்ற தரச் சான்று தருவார்கள். சில நாடுகள் அதை வைத்துத் தங்கள் சொந்த நிதியைக் கொடுக்கின்றன.

அப்புறம், முடிவு வரும் வரை சான்றிதழ் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். பட்டச் சான்றிதழுக்கு முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளிநாட்டில் சான்றிதழ் செல்லுபடியாக வெளியுறவு அமைச்சகம் தரும் அப்போஸ்டில் முத்திரை. உங்கள் பல்கலைக்கழகம் பட்டத்தைக் கையில் கொடுக்கத் தாமதித்தால் இதெல்லாம் அப்படியே பின்னால் தள்ளிப்போகும்.