பெல் கிராமத்தின் தண்ணீர்

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தின் கிழக்குப் பகுதியில், ஓசார்க் குன்றுகளை ஒட்டி இருக்கிறது தாலெக்குவா. 1838-39இல் தென்கிழக்குத் தாயகத்திலிருந்து அமெரிக்க ராணுவத்தால் விரட்டப்பட்ட செரோக்கி பூர்வகுடி மக்கள் இங்குதான் தங்கள் தலைநகரை அமைத்தார்கள். தெருப் பலகைகளில் ஆங்கிலத்தோடு செரோக்கி எழுத்துகளும் உண்டு. அருங்காட்சியகமாகிவிட்ட பழைய தலைமைச் செயலகத்தைப் பார்த்தபின், ஸ்டில்வெல் வழியாகப் பெல் என்ற சிற்றூருக்குப் போனேன். அங்கே படமெடுக்க எதுவும் இல்லை. செரோக்கி நாடு எனப்படும் அந்தப் பூர்வகுடி அரசின் முதல் பெண் முதன்மைத் தலைவரான வில்மா மேன்கில்லரின் ஆகப் பெரிய சாதனை என்று நான் கருதுவது, அந்த ஊரில் மண்ணுக்கடியில் கிடக்கிறது.

1945இல் பிறந்த வில்மா, மின்சாரமும் குழாய்நீரும் இல்லாத வீட்டில், ஊற்றுநீர் சுமந்து வளர்ந்தவர். பூர்வகுடிகளை நகரங்களில் குடியேற்றும் அரசுத் திட்டத்தின்கீழ் 1956இல் சான்பிரான்சிஸ்கோவுக்குப் போன அவர், எழுபதுகளின் பிற்பகுதியில் ஊர் திரும்பினார். அப்போதும் பெல்லில் பல வீடுகளுக்குத் தண்ணீர் இணைப்பு இல்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் அவரும், பின்னாளில் அவருடைய கணவரான சார்லி சோப்பும் ஊரைக் கூட்டி, நிதியும் தொழில்நுட்ப உதவியும் நாங்கள் கொண்டுவருகிறோம், உழைப்பு உங்களுடையதாக இருக்கட்டும் என்றார்கள். இவர்களா வேலை செய்யப்போகிறார்கள் என்று வெளியார் ஏளனம் செய்தபோதும், ஊர்மக்கள் கூலி வாங்காமல் 16 மைல், அதாவது ஏறத்தாழ 26 கிலோமீட்டர், குழாய் பதித்து முடித்தார்கள். மேடும் கல்லுமான அந்தச் சாலையில் வண்டி ஏறி இறங்கும்போதுதான் அந்த உழைப்பின் அளவு உறைக்கிறது.

1983இல் துணைத் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டபோது, பெண் என்பதற்காகவே அவரை எதிர்த்தார்கள். கார் டயர்களைக் கிழித்தார்கள், கொலை மிரட்டலும் விடுத்தார்கள். குலத்தைத் தாய்வழியில் கணக்கிட்டுவந்த சமூகத்தில் இப்படியொரு எதிர்ப்பு! 1985இல் தலைவர் பொறுப்பு அவரிடம் வந்தது. 1987இல் தேர்தலில் வென்றார். 1991இல் 80 விழுக்காட்டுக்கும் மேல் வாக்குகள் பெற்றார். இடையில் 1990இல் அண்ணன் தந்த சிறுநீரகத்தால் உயிர்பிழைத்தவர், உடல்நலம் கருதி 1995இல் மீண்டும் போட்டியிடவில்லை. 2010இல் மறைந்தார்.

அமெரிக்க நாணயச்சாலை 2022இல் 25 சென்ட் நாணயமொன்றில் அவர் உருவத்தைப் பொறித்தது. ஸ்டில்வெல்லில் செரோக்கி நாடு நடத்தும் மருத்துவ மையத்துக்கும் அவர் பெயர்தான். எனக்கென்னவோ, குழாய் போட்டவருக்கு நாணயத்தைவிட மருத்துவ மையமே பொருத்தமாகப் படுகிறது.