ஏழாவது அத்தியாயத்தில் ஆடு ஒருவழியாகச் சிரிக்க வைத்தது

நான் எழுதிக்கொண்டிருக்கும் சிறுவர் சாகசக் கதையின் ஏழாவது அத்தியாயத்தை நேற்று ராத்திரி வாசித்துக் காட்டினேன். கேட்டவர்கள் மூன்று பையன்கள்: அக்கா மகன்கள் இரண்டு பேர், அவர்களுடைய சிநேகிதன் ஒருவன். வயது 9, 10, 12. ஆடு வருகிற இடத்தில் மூன்று பேரும் ஒரே நொடியில் வெடித்துச் சிரித்தார்கள். சின்னவன் தரையில் உருண்டேவிட்டான். 11-வது திருத்தத்தில் கிடைத்த சிரிப்பு இது. ராத்திரி தூக்கமே வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

கதை இதுதான். கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்துக்குள் கடத்தல்காரன் ஒளிந்திருக்கிறான் என்று நம்பி குமரன், பாலு, சேது மூவரும் இருட்டில் படியேறுகிறார்கள். மேலே யாரோ மூச்சுவிடும் சத்தம். போய்ப் பார்த்தால் ஆடு. எழுதி முடிக்க அரை மணி நேரம் போதும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் எழுதியது: ‘மேல்படியில் ஓர் ஆடு எதையோ மென்றபடி அவர்களையே முறைத்துக்கொண்டு நின்றது.’ மூன்றாவது வார்த்தையிலேயே ஆடு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் வாக்கியம் இழுத்துக்கொண்டு போகிறது. சிரிக்க வாயெடுத்தவன் ‘நின்றது’ வரைக்கும் காத்திருக்க வேண்டும். அதற்குள் சிரிப்பு ஆறிப்போகிறது. சரி, ஆட்டைக் கடைசிக்குத் தள்ளினேன்: ‘மேல்படியில், நரைத்த தாடியும் சிவந்த கண்ணுமாக, எதையோ மென்றபடி அவர்களையே முறைத்துக்கொண்டு நின்றது ஓர் ஆடு.’ இந்தத் தடவை பத்து வயசுக்காரன் எனக்கு முன்னாலேயே ‘ஆடு!’ என்று கத்திவிட்டான். எப்படிக் கண்டுபிடித்தாய் என்றேன். “நின்றதுன்னு சொன்னீங்களே மாமா, மனுசன்னா நின்றான்னுதானே வரும்?”

அப்போதுதான் உறைத்தது. நம் வினைமுற்றின் வாலிலேயே திணை ஒட்டியிருக்கிறது. ‘நின்றது’ என்றால் ரகசியம் உடைந்துவிடும். ‘நின்றான்’ என்றால் வாசகனிடம் பொய் சொன்னதாகிவிடும், அதைப் பையன்கள் மன்னிக்கவே மாட்டார்கள். எட்டுத் திருத்தங்கள் இந்த ஒரு விகுதிக்காகவே போயின. கடைசியில் வினைமுற்றையே தூக்கியெறிந்தேன்:

‘மேல்படியில் ஒரு நரைத்த தாடி. அதற்கு மேலே சிவந்த இரண்டு கண்கள். மெல்ல அசையும் வாய்.

சேது கை கூப்பினான். “வணக்கம் ஐயா.”

“ம்ம்மே...”’

இவ்வளவுதான். ஆடு என்ற சொல்லே அந்தப் பக்கத்தில் கிடையாது.

சிரிப்பு எங்கே விழுகிறது என்பதைப் பிடிக்க, வாசிக்கும்போது செல்போனில் ஒலிப்பதிவு போட்டுவிடுவேன். மறுநாள் கேட்டு, பிரதியில் சிரித்த இடத்தில் பென்சிலால் வட்டமும் நெளிந்து உட்கார்ந்த இடத்தில் கோடும் போடுவேன். அச்செடுத்த தாளில், இரட்டை வரி இடைவெளி விட்டு. திரையில் பார்த்துத் திருத்தினால் எனக்குக் காது வேலை செய்வதில்லை.

நகைச்சுவை எழுதுகிறவர்கள் தொல்காப்பியத்தில் உணர்ச்சிகளைப் பற்றிப் பேசும் மெய்ப்பாட்டியலை ஒருதரம் புரட்டுங்கள். நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அச்சத்துக்கும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. பேய், மிருகம், திருடன், நம்மை அதட்டும் அதிகாரம் உள்ளவர். சிறுவர் சாகசக் கதைக்கு இதைவிட நல்ல பட்டியல் நான் பார்த்ததில்லை. என் கலங்கரை விளக்கத்தில் நான்கும் இருக்கின்றன, இறைக்குப் பதில் மீசைக்காரக் காவலாளி.

நகையின் நான்கில் எள்ளலை மட்டும் நீக்கிவிட்டேன். முதல் பிரதியில் பாலு குண்டாக இருப்பதை வைத்து இரண்டு கேலி இருந்தது. வாசித்தபோது இருவர் சிரித்தார்கள், ஒருவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். அன்றைக்கே அடித்துவிட்டேன். மடன்தான் கைகொடுத்தது. சொல்லிக்கொடுத்ததைப் பிடித்தபிடி விடாமல் வைத்திருப்பதற்கு அந்தப் பெயர். சேது முழுக்க முழுக்க அதுதான். ‘நான் சொல்ற வரைக்கும் கயித்த விடாத’ என்று குமரன் சொன்னான், அவன் விடவில்லை. கயிற்றின் மறுமுனை ஆட்டின் கழுத்தில் மாட்டிக்கொண்ட பிறகும் விடவில்லை.

ஒரு வருத்தம். படம் போடுகிற நண்பர் அத்தியாயத் தலைப்புக்கு மேலேயே பெரிதாக ஆட்டை வரைந்து அனுப்பியிருக்கிறார். அருமையான ஆடு, ஒவ்வொரு மயிரும் தெரிகிறது. ஆனால் அங்கே போட்டால் 11 திருத்தமும் வீண். பக்கம் திருப்பினால் வருகிற மாதிரி உள்ளே தள்ளச் சொல்லியிருக்கிறேன். தலைப்புக்கு வெறும் படிக்கட்டு போதும்.

அடுத்த புத்தகத்துக்கு நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று மனதில் ஓடுகிறது. தண்ணீர் டிரம்மில் செய்தது. பெரிஸ்கோப்புக்கு இரண்டு கண்ணாடியை 45 பாகையில் வைத்தால் போதும், அதை மட்டும் அட்டையில் செய்து பார்த்துவிட்டேன். கதையில் சேது ஒரு கண்ணாடியைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவான்.

அதற்கு முன்னால் எட்டாவது அத்தியாயம் கிடக்கிறது. ஆடு படியிறங்கி ஓடுகிறது, கயிறு இன்னும் சேது கையில். ‘விடு’ என்று சொல்ல வேண்டிய குமரன் மேல் அறையில், கதவு வெளியே தாழிட்டபடி. தாழிட்டது யார் என்று இன்று ராத்திரிக்குள் முடிவு செய்தாக வேண்டும், சனிக்கிழமை மூன்று பேரும் வந்துவிடுவார்கள்.