ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபா வெளிச்சம்

சிவனொளிபாதமலை ஏறப் போகிறேன் என்று சொன்னதும் வெள்ளவத்தை மாமி கேட்ட முதல் கேள்வி, "டோர்ச் இருக்கிறதா?" என்பதுதான். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் மின்சாரத்தை வெட்டினார்களே, அந்த நாட்களில் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நான்கு மாடி ஏறி இறங்கியவர் அவர். அன்றிலிருந்து யார் எங்கே புறப்பட்டாலும் இதே கேள்விதான்.

இந்த முறை கேள்வியில் நியாயமும் இருந்தது. டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரையான யாத்திரைக் காலத்தில்தான் நல்லதண்ணிப் பாதையில் படி நெடுக விளக்கு எரியும். நான் போவது ஒக்டோபரில். 2,243 மீற்றர் உயரச் சிகரத்துக்கு இருட்டில் ஏறுகிறவன் தன் வெளிச்சத்தைத் தானே சுமக்க வேண்டும். நானோ என் டோர்ச்சை யாழ்ப்பாணத்தில் மேசை மேலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மச்சானிடம் ஒன்று இருந்தது. டொரொன்டோவிலிருந்து அண்ணன் அனுப்பியது, எண்பது டொலர். "கொண்டுபோ, ஆனால் தொலைத்தால் இந்த வீட்டுக்குத் திரும்பி வராதே" என்றான். அந்த நிபந்தனையைக் கேட்டபிறகு சொந்தமாக ஒன்று வாங்குவதே நல்லது என்று தோன்றியது. 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனேன்.

முதலாம் குறுக்குத் தெருவில் நடப்பது தனிக் கலை. நாட்டாமிமார் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்து கத்தும்போது ஒதுங்கத் தெரிய வேண்டும். ஒதுங்கும் இடத்தில் குடை விரித்தவர் இருக்கக் கூடாது. ஒரு சிறிய கடையில் டோர்ச்சுகள் வாழைக்குலை போலத் தொங்கின. நான் யாழ்ப்பாணம் என்று தெரிந்ததும் கடைக்கார நானா உற்சாகமானார்.

"தம்பி, இது பத்தாயிரம் லுமன். இங்கிருந்து அடித்தால் ஆனையிறவில் தெரியும்."

"பெட்டியில் எழுதியிருப்பதெல்லாம் உண்மையா நானா?"

"நீங்கள் பெட்டியையா எரிக்கப் போகிறீர்கள், டோர்ச்சைத்தானே?"

இந்தப் பதிலுக்கே காசு கொடுக்கலாம். ஆயிரத்து எண்ணூறில் தொடங்கி ஆயிரத்து முந்நூற்றைம்பதில் முடித்தோம்.

வீட்டுக்கு வந்ததும் பற்றரியைக் கழற்றினேன். 18650 என்ற வகை. 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. உறையில் கொள்ளளவு 9,900 மில்லிஅம்பியர்மணி என்று போட்டிருந்தது. இந்த அளவுப் பற்றரியில் நல்லதே கிட்டத்தட்ட 3,500ஐத்தான் தொடும். மாமி கேக்குக்கு மா நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தேன். மச்சானுடைய பற்றரி 47 கிராம், நானாவுடையது 31. உள்ளே பாதி காற்றோ என்னவோ.

இருட்டியதும் இரண்டு டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன். கீழே மரைன் டிரைவ், அதையடுத்து தண்டவாளம், அதற்கப்பால் கடல். மலிவு டோர்ச்சின் தலையை முன்னே இழுத்து ஒளியைக் குவித்தால், கடலோரப் பாறையில் சின்னச் சதுரமாக வெளிச்சம் விழுந்தது. விலை கூடியது அந்தப் பாறையை அவ்வளவு பளிச்சென்று காட்டவில்லை! அரைமணி நேரம் நானாவை மனதுக்குள் புகழ்ந்துகொண்டிருந்தேன். கீழிருந்து காவலாளி கத்தினார்: "தண்டவாளத்தில் அடிக்காதீர்கள், டிரைவர் ஏதோ என்று நினைத்து நிறுத்தப் போகிறான்!"

பிறகுதான் யோசித்தேன். லுமன் என்பது மொத்த வெளிச்சம். அது எவ்வளவு குவிகிறது என்பது வேறு கணக்கு. கொஞ்ச வெளிச்சத்தையும் ஒரு புள்ளியில் குவித்தால் தூரம் போகும். பெட்டிகளில் போடும் "200 மீற்றர்" கூட, அந்தத் தூரத்தில் ஏறக்குறைய முழுநிலவு அளவு வெளிச்சம் விழும் என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. மலைப்படியில் எனக்குத் தேவை என் காலடியும் அடுத்த நான்கு படிகளும். அங்கே சதுரப் புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மாடியின் பாசி பிடித்த மூலையில் அடித்தபோது இன்னொன்று தெரிந்தது. மலிவு டோர்ச்சின் நீலம் பாய்ந்த வெள்ளையில் பாசியும் ஈரச் சிமெந்தும் ஒன்றாகவே தெரிந்தன. மச்சானுடையதில் பாசி பச்சையாகவே இருந்தது. வெள்ளை எல்ஈடி என்பதே நீல எல்ஈடியின் மேல் மஞ்சள் பூச்சு போட்டதுதான். பூச்சு எப்படி அமைகிறதோ நிறமும் அப்படி. வழுக்குகிற படியை முன்கூட்டியே காட்டுகிற வெளிச்சத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை விழுந்து எழும்பியவரிடம்தான் கேட்க வேண்டும்.

கடைசியாக அறைச் சுவரில் இரண்டையும் எரியவிட்டேன். விலை கூடியது மூன்றாவது நிமிடமே தானாக ஒளியைக் குறைத்துக்கொண்டது. சூடேறாமல் இருக்க அப்படித்தான் செய்யுமாம். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்ட 1,200 லுமன் அந்த மூன்று நிமிடத்துக்குத்தான்; ஆக, இதுவும் முழு உண்மை பேசவில்லை. ஆனால் குறைத்த அந்த வெளிச்சத்திலேயே இரண்டு மணி நேரம் அசையாமல் நின்றது. மலிவானது அரைமணி நேரத்துக்குள் பாதியாகி, அப்புறம் கோவில் தூண்டாமணி விளக்குப் போல மினுங்கியது.

மறுநாள் மாலை இடியுடன் கொட்டிய மழையில் இரண்டையும் மாடிச் சுவரில் வைத்தேன். இழுத்துத் தள்ளும் கழுத்து வழியாக நீர் புகுந்து, நானாவின் டோர்ச்சுக்குக் கண்ணாடியின் உட்புறம் வியர்த்துவிட்டது. மச்சானுடையது குளித்துவிட்டு வந்த பிள்ளை போல இருந்தது.

எதை எடுத்துப் போவது என்பதில் எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. மாமிக்குத்தான் தீரவில்லை. எண்பது டொலர் டோர்ச்சைக் கையில் வாங்கி ஒருமுறை அமுக்கினார், எரிந்தது. அணைக்க இன்னும் இரண்டு தரம் அமுக்கினார். அது படபடவென்று மின்னத் தொடங்கியது. "இது என்ன, கலியாண மண்டபமா?" என்று திருப்பித் தந்துவிட்டு, வியர்த்திருந்த மலிவு டோர்ச்சை அரிசிப் பானைக்குள் காய வைத்தார். இனி அது மாடிப்படிக்காம்.

ஹட்டன் பஸ்ஸுக்குப் புறப்படும்போது என் சட்டைப் பையில் ஆயிரம் ரூபாத் தாளைத் திணித்தார்.

"முந்நூற்றைம்பது குறைகிறதே மாமி?"

"அது உன் பேரத்துக்கு."