கண்டீன் எண்ணெயில் ஓடிய ஜெனரேட்டர்

கம்பஸ் கண்டீனில் கழிவு எண்ணெய் என்று ஒன்று லேசில் கிடைக்காது. பொரித்த எண்ணெயிலிருந்து டீசலுக்குப் பதிலான எரிபொருள், அதாவது பயோடீசல் செய்யப் போகிறோம், பாவித்த எண்ணெய் தாருங்கள் என்று கேட்டதும் கண்டீன் அண்ணை சிரித்தார். "தம்பி, இது எறியிற எண்ணெய் இல்லை. நாளைக்கு ரோல்ஸ் பொரிக்கிற எண்ணெய்." கொழும்பில் எண்ணெய் விற்கிற விலைக்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. கடைசியில், வெள்ளிக்கிழமை பின்னேரம் கடை பூட்டும்போது மிஞ்சுவதைத் தர ஒத்துக்கொண்டார்.

அப்படி வந்த எண்ணெய் கறுத்துப்போய், அடியில் வடைத்தூளும் மாவுமாக இருந்தது. துணியில் வடித்து, 100 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, சடசடப்பு அடங்கும்வரை வைத்தோம். தண்ணீர் மிச்சமிருந்தால் டீசலுக்குப் பதில் சவர்க்காரம்தான் வரும்.

அடுத்தது நியமிப்பு, அதாவது எண்ணெயில் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்று அளப்பது. ஏ.எல். காலத்தில் அலுத்துப்போன அதே வேலை, இங்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1 மில்லிலீற்றர் எண்ணெயை 10 மில்லிலீற்றர் ஐசோபுரொப்பைல் அற்ககோலில் கரைத்து, பினோத்தலீன் என்ற நிறங்காட்டி விட்டு, இளஞ்சிவப்பாகும்வரை லீற்றருக்கு 1 கிராம் சோடியம் ஐதரொட்சைட்டு உள்ள கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எண்ணெயின் மண்ணிறத்தில் இளஞ்சிவப்பு தெரியவே தெரியாது. குடுவைக்குக் கீழே வெள்ளைத்தாள் வைத்தபிறகுதான் பிடிபட்டது. நிறம் அரை நிமிடமாவது நிற்க வேண்டும். எத்தனை மில்லிலீற்றர் போனதோ, அத்தனை கிராமை 3.5 உடன் கூட்டினால் ஒரு லீற்றர் எண்ணெய்க்கு வேண்டிய சோடியம் ஐதரொட்சைட்டு. எங்கள் ரோல்ஸ் எண்ணெய்க்கு 3 மில்லிலீற்றர் போனது, ஆகவே 6.5 கிராம். வடைச்சட்டி எண்ணெய் அதன் இரு மடங்கைத் தாண்டியதால் அதைத் தொடவில்லை.

கொழும்புக் காற்று இன்னொரு தொல்லை. கடற்காற்றின் ஈரத்தில் சோடியம் ஐதரொட்சைட்டுச் செதில்கள் தராசிலேயே வியர்க்கத் தொடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்தி, கெதியாக எடைபோட்டு, உடனே போத்தலை மூடினோம்.

எண்ணெயைப் பயோடீசலாக மாற்றுவது, சோடியம் ஐதரொட்சைட்டு ஊக்கியாகச் சேர்ந்த மெதனோல். மெதனோல் எண்ணெயின் கனவளவில் ஐந்தில் ஒரு பங்கு. அதில் சோடியம் ஐதரொட்சைட்டைக் கரைக்கும்போது தானாகவே சூடேறும். ஆவி நஞ்சு, தீயும் பிடிக்கும். அதனால் புகையகற்றிப் பெட்டிக்குள், கையுறையும் கண்ணாடியும் போட்டு, விரிவுரையாளர் பக்கத்தில் நிற்கத்தான் செய்தோம். வீட்டுக் குசினியில் முயல நினைப்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். மெதனோல் ஏறத்தாழ 65 பாகையில் கொதித்துவிடும் என்பதால் எண்ணெயை 55 பாகையில் வைத்து ஒரு மணித்தியாலம் கலக்கினோம்.

இரவு முழுக்க வைத்ததில் பக்கவிளைபொருளான கிளிசரோல் கித்துள் பாணி மாதிரி அடியில் இறங்கி நின்றது. அதைத் திறந்து விட்டபிறகு வெந்நீரால் கழுவினோம். முதல் தரம் மெதுவாகச் சாய்க்க வேண்டும். வேகமாகக் குலுக்கினால் பால் போலாகி நாள்கணக்கில் பிரியாது. பிறகு ஈரம் போகச் சூடாக்கினோம். பயோடீசலில் 3 மில்லிலீற்றரை 27 மில்லிலீற்றர் மெதனோலில் விட்டுப் பார்த்ததில் அடியில் எண்ணெய்த்துளி எதுவும் தங்கவில்லை. தாக்கம் முடிந்திருந்தது.

ஆய்வுகூடத்துப் பழைய ஜெனரேட்டரில் ஐந்தில் ஒரு பங்காக டீசலோடு கலந்து ஓட்டினோம். இறப்பர்க் குழாயைப் பயோடீசல் இளக்கிவிடும் என்பதால் அதை முதலே மாற்றியிருந்தோம். புகையில் லேசான பொரியல் வாசம். மிஞ்சிய கிளிசரோலில் மெதனோல் இருப்பதால் கானில் ஊற்ற முடியாது. கலனில் மூடி வைத்து, இரசாயனக் கழிவோடு அனுப்பக் கொடுத்தோம். கண்டீன் அண்ணை இப்போது வடை எண்ணெயையும் எடுக்கச் சொல்கிறார். அதற்கு முதலில் அமிலம் சேர்த்து ஒரு படி செய்ய வேண்டும், அடுத்த செமஸ்டரில் பார்ப்போம் என்றிருக்கிறோம்.