நாத்திகர் என்றே சொல்லிக்கொள்கிறேன்

எங்கள் ஊர்ப்பக்கம் புதிதாக ஒருவரைச் சந்தித்தால், பெயருக்கு அடுத்த கேள்வி "எந்தச் சபை?" என்பதுதான். சி.எஸ்.ஐ., ஆர்.சி., பெந்தெகொஸ்தே என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். இப்படி ஏறக்குறைய சரிபாதியாக நிற்கும் இடத்தில் கடவுள் நம்பிக்கை இல்லை என்று ஒருத்தி சொன்னால், "அந்தப் பக்கம் போய்விட்டாளா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். ஆகவே எனக்கு ஒரு தெளிவான பெயர் தேவைப்பட்டது.

பள்ளியில் அறிவியல் நடத்துகிறவள் என்பதால், பகுத்தறிவாளர் என்ற பெயரையே நண்பர்கள் எனக்குச் சூட்டினார்கள். அதை ஏற்க மனம் வரவில்லை. காரணம் என் அம்மா. ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவர். எங்கள் சிறிய ரப்பர் தோட்டத்தின் கணக்கு முழுவதும் அவர் கையில். மழைக்காலத்தில் ரப்பர் பால் நீர்த்திருக்கிறது என்றால், அதை உறையவைக்கும் ஆசிட்டை அதற்கேற்பக் குறைப்பார். உறைந்துவிட்டதா என்று விரலால் அழுத்திப் பார்ப்பார். ஷீட்டை இன்றே விற்பதா, விலை ஏறும்வரை வைத்திருப்பதா என்று நாளிதழ் நிலவரத்தைப் பார்த்து முடிவெடுப்பார். நான் பகுத்தறிவாளர் என்றால் அவர் யார்? அந்தப் பெயர் அவரைக் குறைத்துச் சொல்கிறது.

மனிதநேயர் என்பதிலும் இதே சிக்கல்தான். கொரோனா நாட்களில் தெரு முழுவதற்கும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு மைனி, ஜெபிக்காமல் அடுப்பு மூட்டாதவர். ஐயவாதி என்றும் என்னைச் சொல்ல முடியாது, எனக்கு ஐயமில்லை.

நாத்திகர் என்பது ஒன்றே ஒன்றைத்தான் சொல்கிறது: இவளுக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. அறிவிலும் அன்பிலும் யாரையும்விட நான் மேல் என்று அது உரிமை கோரவில்லை. பலருக்கு அந்தச் சொல் கரடுமுரடாகக் கேட்கிறது. எனக்கோ அது சொந்த ஊர்ச் சொல். பகத்சிங் சிறையிலிருந்து எழுதிய 'நான் நாத்திகன் ஏன்?' கட்டுரையைத் தமிழாக்கிக் கைதான பொதுவுடைமைத் தலைவர் ஜீவா, நம் பூதப்பாண்டியில் 1907-இல் பிறந்தவர்.

இதனால் சபைக்கு நன்றி இல்லாதவள் என்று யாரும் எண்ண வேண்டாம். மார்பை மறைக்கும் தோள்சீலைக்காக எங்கள் முன்னோர்கள் பட்ட அடியும் உதையும் கொஞ்சமல்ல. 1859-இல் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்து நாடார் பெண்கள் மார்பை மறைக்க அனுமதித்தபோதும், உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. அந்தப் போராட்டத்தில் மிஷனரிகள் எங்கள் பக்கம் நின்றார்கள். பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். மறுபக்கம் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எளிய மனிதர்களைத் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நிற்கச் சொன்னார். நான் இன்று பள்ளியில் கரும்பலகை முன் நிற்பதில் இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு. நன்றி வேறு, நம்பிக்கை வேறு.

அம்மாவின் கவலை வேறு விதமானது. "சபையிலிருந்து பெயரை எடுத்துவிட்டால் நாளைக்கு உன்னை எங்கே அடக்கம் செய்வார்கள், மக்களே?" என்றார். இங்கே பலரைச் சபையோடு கட்டிவைத்திருப்பது வேதாகமத்தைவிடக் கல்லறைத் தோட்டம்தான் என்பது என் எண்ணம். உடலை ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிடப் போகிறேன் என்றேன். அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பால் எடுக்கக் கிளம்பும்போது, "தம்பியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடு" என்று மட்டும் சொன்னார்.

சொல்லிவிட்டேன். அடுத்தது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. போன முறை வந்தவர் சுவரில் தொங்கிய வசனக் காலண்டரைப் பார்த்து, கேட்காமலே கிறிஸ்தவர் என்று எழுதிக்கொண்டு போனார். இந்த முறை அம்மாவுக்குக் கிறிஸ்தவர் என்றும் எனக்கு நாத்திகர் என்றும் எழுதச் சொல்லி, எழுதியதைக் காட்டச் சொல்லிக் கேட்பேன்.